வாடாமல்லி பீட்ரூட் ஆன கதை: ரோஸ் ஹில் ஸ்டூடியோ ஒன்றில் மானிட்டர் ஆய்வு

புகார்

தைப்பூசக் காவடி முடிந்து பதினைந்து நாள் இருக்கும். மொரிஷியஸில் ரோஸ் ஹில் ஊரில் என் மாமனார் நடத்தும் ஸ்டூடியோவுக்கு ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் நாங்கள் அச்சடித்துக் கொடுத்த ஆல்பம், இன்னொரு கையில் துணிப்பை. ஆல்பத்தை மேசைமேல் விரித்தார். பையிலிருந்து மடித்த புடவை ஒன்றை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தார். "சா பா மோ சாரி, சா" என்றார். இது என் புடவையே இல்லை என்று கிரியோலில் சொல்கிறார்.

புடவை நல்ல வாடாமல்லி நிறம். மொரிஷியஸ் காவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்வலம் போகும் தெரு முழுக்க இந்த நிறம்தான் கண்ணைப் பறிக்கும். எங்கள் படத்திலோ அது பீட்ரூட் பொரியல்போல் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அதோடு போயிருந்தால் பிரிண்டர் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருப்போம். அந்த அம்மா விடவில்லை. நான்கு பக்கம் தள்ளிப் புரட்டினார். அதே புடவை, அதே காலை வெயில், அதே கேமரா. இங்கே மட்டும் கத்தரிப்பூ நிறம்.

ஒரே நாளில் மூன்று புடவை மாற்றினேனா என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு வாரம் டைம் கேட்டோம்.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கலர் சரியில்லை என்றதும் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிபரேஷன் கருவி எங்கே கிடைக்கும், என்ன விலை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடைசியில் பார்த்தால் எங்கள் கோளாறில் பெரும்பகுதி கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது.

கடையும் மாமாவும்

மாமா ஃபிலிம் காலத்து ஆள். இருட்டறையில் நின்று, சிவப்பு விளக்கில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவர். கண்ணால் பார்த்தே கலர் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமை பொய்யில்லை, இன்றைக்கும் பிரிண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எந்த நிறம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கண் என்பது பழகிக்கொள்ளும் உறுப்பு. எதிரில் இருக்கும் வெளிச்சத்தையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். பிரிண்டைப் பார்க்கும்போது உதவும் அதே கண், திரையைப் பார்க்கும்போது காலை வாரிவிடும்.

கடைக்கு மேல்மாடியில்தான் எடிட்டிங் அறை. 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், ஆறு கலர் டை இங்க் போடும் ஏ3 இங்க்ஜெட் பிரிண்டர், லஸ்டர் பேப்பர். மேற்குப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே, மாமா உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், கிளிப்பச்சைச் சுவர். அத்தை ஆசைப்பட்டு அடித்த பெயிண்ட். அந்தச் சுவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

புகார் இது முதலாவது இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆறேழு மாதமாகவே 'படம் இருட்டா இருக்கு' என்று அங்கங்கே பேச்சு. மாமா இரண்டு தடவை இங்க் மாற்றியிருக்கிறார், இங்க் துளைகள் அடைத்திருக்கிறதா என்று நாஸில் செக் போட்டிருக்கிறார், பேப்பர் கம்பெனியையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். எதுவும் சரிப்படாமல், பிரிண்டர் டிரைவரில் பிரைட்னஸை இரண்டு புள்ளி ஏற்றிவிட்டு அதையே வழக்கமாக வைத்துக்கொண்டார். ஒரு தப்பின்மேல் இன்னொரு தப்பை ஒட்டுப்போடுவது. பல கடைகளில் இதுதான் நடக்கிறது. ஒட்டு தாங்கும் வரை யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

பிரிண்டர்மேல் வழக்கு

முதல் வேலையாக அந்த ஒட்டை எடுத்தேன். டிரைவரில் இருந்த எல்லாத் திருத்தங்களையும் பூஜ்யமாக்கினேன். ஃபோட்டோஷாப், பிரிண்டர் டிரைவர் இரண்டுமே கலரைக் கவனிக்கிறேன் என்று கிளம்பினால் நிறம் இரண்டு தடவை மாற்றப்பட்டுப் படம் முழுக்கச் சிவந்துபோகும். அதனால் ஃபோட்டோஷாப்பிடம் பொறுப்பைக் கொடுத்து, டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைத்து, அந்தப் பேப்பரில் எந்த நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைலைத் தேர்ந்தேன்.

அப்புறம் ஒரு டெஸ்ட் படம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிக்கட்டு, வெளிர் முகம், கறுத்த முகம், பழங்கள், கட்டங்கட்டமாகச் சுத்த நிறங்கள் எல்லாம் இருக்கும் படம். இதில் முக்கியமான விதி, யாரும் அதைத் திரையில் பார்த்துத் திருத்தக் கூடாது. மாமாவுக்குக் கை பரபரத்தது. "கொஞ்சம் கம்மி பண்ணிடவா?" என்றார். வேண்டாம் மாமா என்று மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

டை இங்க் பிரிண்ட்டை வந்த சூட்டோடு பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒரு ராத்திரி காய விட வேண்டும். மறுநாள் காலை மாடி வராந்தாவில், நிழல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். சாம்பல் படிக்கட்டு சாம்பலாகவே இருந்தது. சிவப்பு ஏறவில்லை, பச்சை ஏறவில்லை. முகங்கள் முகங்களாக இருந்தன. இருட்டும் இல்லை.

ஆக, பிரிண்டர் நிரபராதி. ஆறு மாதம் திட்டு வாங்கியது அதுதான்.

அதே படத்தைத் திரையில் திறந்து பக்கத்தில் பிரிண்டைப் பிடித்தேன். திரையில் இருப்பது டியூப்லைட் கடை ஷோகேஸ் மாதிரி நீலம் பாய்ந்து பளீரென்று இருந்தது. கையில் இருப்பது சாதுவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மாமா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நேரம் சொன்ன சாட்சி

மானிட்டர் நீலம் என்றால் பீட்ரூட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வாடாமல்லி என்பது சிவப்பும் நீலமும் கூடின நிறம். திரை தன் பங்குக்கு நீலம் சேர்த்துக் காட்டுவதால் முகங்கள் வெளிறித் தெரியும். மாமா முகத்தைச் சரிசெய்ய வெப்பம் பக்கமாக, அதாவது மஞ்சளுக்கு, இழுப்பார். கோப்பில் நீலம் குறையும். முகம் திரையில் அழகாகிவிடும், ஆனால் புடவையின் நீலம் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். கூடவே திரை கண்ணைக் கூசும் அளவு பிரகாசம், அதனால் படத்தைக் கொஞ்சம் இறக்குவார். சிவப்பும் இருட்டும் சேர்ந்தால் பீட்ரூட்.

சரி, கத்தரிப்பூ எங்கிருந்து வந்தது? ஒரே திரை எதிர்ப்பக்கமும் பொய் சொல்லுமா?

ஒரு மத்தியானம் முழுக்க இதில் போயிற்று. கேமராவின் வெள்ளைச் சமநிலையைப் பார்த்தேன், படங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. அலுத்துப்போய் ஃபோல்டரில் கோப்புகளைக் கடைசியாகச் சேமித்த நேரப்படி அடுக்கினேன். எடுத்த நேரம் அல்ல, மாமா திருத்தி முடித்துச் சேமித்த நேரம். அடுக்கியவுடன் ஆல்பம் இரண்டாகப் பிளந்தது. பீட்ரூட் படங்கள் எல்லாம் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. கத்தரிப்பூப் படங்கள் எல்லாம் ராத்திரி ஏழுக்கு மேல். ஒன்றுகூட மாறவில்லை.

"பகல்ல ஒரு ஆளு, ராத்திரி வேற ஆளா நான்?" என்றார் மாமா.

ஆள் மாறவில்லை, திரை மாறியிருக்கிறது. விண்டோஸ் செட்டிங்கில் போய்ப் பார்த்தால் நைட் லைட் 'சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை' என்று இருந்தது. மாமா கண் எரிகிறது என்று சொன்னதற்காக என் மச்சினன் போன வருஷம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. இங்கே பிப்ரவரியில் ஏழு மணிக்குச் சற்று முன்னே பொழுது சாய்கிறது. அதோடு திரை மெல்ல மெல்ல மஞ்சளாகும், மெல்ல மாறுவதால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் திரையில் உட்கார்ந்து திருத்துகிறவர் நீலத்தைக் கூட்டுவார். வாடாமல்லியில் நீலம் கூடினால் கத்தரிப்பூ. ராத்திரிப் படங்கள் பகல் படங்கள் அளவு இருட்டாக இல்லாததற்கும் இதுவே காரணம். நைட் லைட் நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் வெட்டும்போது மொத்தப் பிரகாசமும் இறங்கிவிடுகிறது.

நைட் லைட்டை அணைத்தேன். மானிட்டரின் சொந்த மெனுவில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று ஒன்று இருந்தது, படத்தில் இருட்டு அதிகமானால் பின்விளக்கைத் தானாகக் குறைக்கும். அதையும் அணைத்தேன். ஷார்ப்னஸ், 'விவிட்' பயன்முறை எல்லாம் போயின. எச்டிஎம்ஐ வயர் வழியாக ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள 0 முதல் 255 வரையிலான முழு வீச்சும் போகிறதா என்று பார்த்தேன். சில கம்ப்யூட்டர்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும், கறுப்பு சாம்பலாகிவிடும். இங்கே அது ஒழுங்காகவே இருந்தது.

கருவி வந்தது

குவாத்ர் போர்னில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் கலரிமீட்டரை இரண்டு நாளைக்குக் கடன் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் கருவி. வயரில் தொங்கவிட்டு, திரையின் நடுவில் ஒட்டினாற்போல் வைத்துவிட்டால், மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் காட்டக் காட்ட அது அளந்து சொல்லும். மென்பொருள் டிஸ்ப்ளேகால், இலவசம். அதற்கு உள்ளே வேலை செய்வது கிரேம் கில் எழுதிய ஆர்கில்.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, இருந்தது இருந்தபடி முதலில் அளந்தேன். பிரகாசம் ஒரு சதுர மீட்டருக்கு 291 கேண்டெலா. வெள்ளைப் புள்ளி, அதாவது திரை எந்தச் சாயலை வெள்ளை என்று காட்டுகிறது என்பது, 7,600 கெல்வின் வாக்கில். இந்தக் கெல்வின் கணக்கு தலைகீழாகத் தோன்றும், எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். வேண்டுமென்றே நைட் லைட்டைத் திரும்பப் போட்டு அளந்தேன், 4,300 சொச்சம். பகலுக்கும் ராத்திரிக்கும் இடையில் மாமா கிட்டத்தட்ட இரண்டு வேறு கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்திருக்கிறார்.

291 என்பது அதிகமா? கடையில் விற்கும் மானிட்டர்கள் 250, 300, 350 என்றுதான் வருகின்றன. பளிச்சென்று இருந்தால்தானே விலைபோகும். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் கம்ப்யூட்டர் திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியை வகுத்தபோது மனதில் வைத்த திரையின் பிரகாசம் 80 கேண்டெலா. அன்றைய பருமனான குழாய் மானிட்டர்களுக்கு அது சரி. இன்றைக்கு எவ்வளவு வைப்பது என்பதற்குப் புத்தகங்கள் 80 முதல் 120 வரை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அது போதவில்லை. நாம் திரையை எதோடு ஒப்பிடுகிறோம்? பேப்பரோடு. அப்படியானால் அந்தப் பேப்பர் எவ்வளவு பிரகாசம் என்று கேட்பதுதானே முறை.

அதற்குக் கணக்கு இருக்கிறது. பேப்பர்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் எடுத்து, பேப்பர் திருப்பி அனுப்பும் பங்கால் பெருக்கி, 3.14-ஆல் வகுத்தால் அதன் பிரகாசம் கேண்டெலாவில் கிடைக்கும். வெள்ளைப் பேப்பர் ஏறக்குறைய 90 சதவீதம் திருப்பி அனுப்பும். அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664, சாதாரணமாகப் படம் பார்க்கும் இடத்துக்கு 500 லக்ஸ் சொல்கிறது. அப்படியென்றால் பேப்பர் 143 கேண்டெலா. எங்கள் மேசையில், 5,000 கெல்வின் எல்இடி டியூப் ஒன்றை மாட்டிய பிறகு, கலரிமீட்டரின் வெண்மூடியைப் போட்டு அளந்தபோது 350 லக்ஸ். 350-ஐ 0.9-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் 100. எங்கள் திரைக்கு வேண்டிய எண் அதுதான். மானிட்டர் மெனுவில் 100-இல் இருந்த பிரைட்னஸ் ஸ்லைடரைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன், ஸ்லைடர் 19-இல் வந்தபோது திரை 100 கேண்டெலாவில் நின்றது.

பழைய 291-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். பேப்பரைவிட மூன்று மடங்கு பளிச்சென்ற திரையைப் பார்த்துக்கொண்டு மாமா படத்தை இருட்டாக்கிக்கொண்டிருந்தார். 'படம் இருட்டு' என்ற ஆறு மாதப் புகார் முழுவதும் இந்த ஒரு ஸ்லைடரில் இருந்தது. அதற்குக் கருவிகூட வேண்டாம். ஒரு வெள்ளைப் பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில், படம் பார்க்கும் அதே விளக்கின் கீழ் பிடித்து, திரையில் வெற்று வெள்ளையைத் திறந்து, இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் வரை இறக்கினால் ஏறத்தாழ அங்கேயே வந்து நிற்கலாம்.

வெள்ளைப் புள்ளிக்கு மெனுவில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் திருக வேண்டும். மென்பொருளிலேயே எல்லாவற்றையும் திருத்தவிட்டால் 8 பிட்டில் இருக்கும் 256 படிகளில் சில காணாமல்போய், வானம் மாதிரி இடங்களில் வரிவரியாகத் தெரியும். அதனால் முடிந்ததை மானிட்டரில் செய்துவிட்டு மிச்சத்தை மட்டும் மென்பொருளிடம் விட வேண்டும். 6,500 கெல்வினுக்குக் கொண்டுவந்தேன், புத்தகம் சொல்வது அதுதான். பேப்பரைப் பக்கத்தில் பிடித்தால் பேப்பர் இன்னும் மஞ்சள். விளக்கு 5,000 ஆயிற்றே. இரண்டுக்கும் நடுவே தேடி 5,900-இல் நின்றோம். இது அளவுகோல் சொன்ன எண் இல்லை, நானும் மாமாவும் பேப்பரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்து ஒப்புக்கொண்ட எண். இதில் எனக்குக் கூச்சம் இல்லை. எங்கள் மேசையில், எங்கள் பேப்பரோடு திரை ஒத்துப்போக வேண்டும் என்பதே நோக்கம்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். கலரிமீட்டரிடம் மானிட்டரின் பின்விளக்கு எந்த வகை என்று சொல்ல வேண்டும். நண்பர் அகல நிற வீச்சு உள்ள மானிட்டர் வைத்திருப்பவர், அவர் தன் பழக்கத்தை எனக்குச் சொல்லியிருந்தார், நானும் அதையே தேர்ந்துவிட்டேன். எங்களுடையது சாதாரண வெள்ளை எல்இடி. இருபது நிமிஷம் நிறம் நிறமாக ஓடி முடிந்ததும் அறிக்கை பிரமாதம் என்றது. திரையோ லேசாகப் பாசி பிடித்தாற்போல் இருந்தது. எண் சரி என்கிறது, பேப்பர் இல்லை என்கிறது. முதலில் எண்ணைத்தான் நம்பினேன். மாமாதான் "பச்சையடிக்குது தம்பி, நீ பாக்கலையா?" என்றார். பின்விளக்கை மாற்றித் திரும்ப ஓட்டியதும் சரியாயிற்று. கேட்ட நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டெல்டா ஈ என்பார்கள்; அதன் சராசரி முன்பு 7-ஐத் தாண்டியிருந்தது, இப்போது 1-க்குக் கீழே. 1 என்பது இரண்டு நிறங்களைப் பக்கம்பக்கமாக வைத்தாலும் கண் திணறும் எல்லை.

புரொஃபைல் விண்டோஸில் ஏறியதும் மாமாவின் முதல் வார்த்தை: "மானிட்டர் செத்துப் போச்சு." மங்கலாக, மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு வருஷமாக நீல ஷோகேஸைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் பழைய செட்டிங்குக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மூன்றாம் நாள் பழைய அளவுக்கு மாற்றிக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

கிளிப்பச்சைச் சுவர்

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பின்சுவரில் விழும். அந்த அறைக்குள் நுழைகிறவர் முகமே பச்சையடிக்கும். திரையின் கறுப்பில் அந்தப் பச்சை தெளிவாகத் தெரிந்தது. கருவி திரையோடு ஒட்டி இருப்பதால் இதை அளக்காது, அறிக்கையில் வரவே வராது. கறுப்பில் பச்சை ஏறினால் கண் அதற்கு எதிராக மெஜந்தாவைக் கூட்டச் சொல்லும்.

அச்சுத் துறை விதிகள் சுற்றுப்புறம் சாயம் இல்லாத சாம்பலாக இருக்க வேண்டும் என்கின்றன. சட்டைகூட அப்படித்தான். மாமா அன்று போட்டிருந்தது கருஞ்சிவப்புப் பூப்போட்ட சட்டை, அது திரையில் பூத்துக் குலுங்கியது. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, எடிட்டிங் நேரத்துக்கு வெள்ளையோ சாம்பலோ உள்ள ஒரு பனியன் என்று முடிவாயிற்று. சுவருக்குச் சாம்பல் பெயிண்ட் என்றதும் அத்தை சண்டைக்குக் கிளம்பிவிட்டார், அதனால் சுவரை மறைத்து ஒரு சாம்பல் துணியைத் தொங்கவிட்டோம்.

இன்னும் வராத நிறம்

திரை சரியாயிற்று, பிரிண்டர் ஏற்கெனவே சரி. படத்தை ஆரம்பத்திலிருந்து திருத்தி, அந்த அம்மாவின் புடவைப் பக்கத்தை அச்சடித்தோம். பீட்ரூட் போயிற்று, கத்தரிப்பூ போயிற்று. வாடாமல்லி வந்ததா என்றால், வாடின வாடாமல்லி வந்தது. குடும்பம் அதுதான், ஆனால் ஜொலிப்பு இல்லை. திரையில் இருப்பது போலவும் இல்லை. அதைவிட மோசம், புடவையின் மடிப்புகள் காணவில்லை. இடுப்பிலிருந்து தோள் வரை ஒரே பூச்சு.

மடிப்புக்குக் காரணம் எளிது. அந்த இடத்தில் சிவப்பு 255-இல் முட்டி நின்றது, பச்சை 0-இல் தட்டி நின்றது. ஏறவோ இறங்கவோ இடமில்லாத எண்களில் நிழல் எப்படித் தெரியும்?

ஜொலிப்பு கொஞ்சம் வேறு விஷயம். அந்த அம்மா புடவையை எங்களிடமே விட்டுப்போயிருந்தார். கீழே கவுன்டரில் ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கு இருக்கிறது. அதை மேலே கொண்டுவந்து, அறையை இருட்டாக்கிப் புடவைமேல் பிடித்தேன். துணி ஆரஞ்சுச் சிவப்பாகத் தணல்போல் எரிந்தது. ஒளிரும் சாயம். தன்மேல் விழும் பச்சை வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தருகிற வகை. பேப்பர்மேல் இருக்கும் இங்க் வெளிச்சத்தை விழுங்கத்தான் முடியும், புதிதாக எதையும் தர முடியாது. காலைவெயிலில் அந்தப் புடவை தான் வாங்கின சிவப்பைவிட அதிகச் சிவப்பைத் திருப்பித் தந்திருக்கிறது. அதைப் பிடிக்க ஆறு கலர் இல்லை, அறுபது கலர் இங்க் வந்தாலும் நடக்காது. விளக்கைப் பேப்பர் பக்கம் திருப்பினால் அதுவும் நீலமாக மின்னியது. வெண்மை கூட்டும் பொருள் கலந்த பேப்பர். வராந்தா வெளிச்சத்தில் அது பால் வெள்ளையாகவும் எல்இடி அடியில் சற்றே மஞ்சளாகவும் தெரிந்த மர்மமும் இதுதான்.

(அந்த விளக்கை எடுக்கும்போது அருகில் கிடந்த நோட்டையும் பார்த்தோம். மொரிஷியஸ் ரூபாயில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி. 1998-இல் புது நோட்டில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கினார்கள். தமிழர்கள் எதிர்த்து நின்றதில் நோட்டையே திரும்பப் பெற்று, அடுத்த வருஷம் பழைய வரிசையில் அடித்தார்கள். மாமா கையில் அந்த விளக்கு வந்தாலே இந்தக் கதையும் வந்துவிடும்.)

அப்படியானால் காலிபரேஷன் எதற்கு? திருத்திய திரையில் சாஃப்ட் புரூஃப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. ஃபோட்டோஷாப்பில் பேப்பரின் புரொஃபைலைக் கொடுத்து, கன்ட்ரோல் ஒய் அழுத்தினால், இந்த நிறம் அந்தப் பேப்பரில் எப்படி விழும் என்று திரை காட்டும். அழுத்தினேன். புடவை திரையிலேயே வாடிப்போய், மடிப்பில்லாமல், பிரிண்டில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. பழைய திரையில் இந்த முன்னோட்டத்துக்கு அர்த்தமே இல்லை. இப்போது பேப்பரையும் இங்க்கையும் வீணாக்காமல், வராத நிறம் எது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது. எனக்கு இந்த வேலையின் பலன் அதுதான். திரை முன்பைவிட அழகாக இல்லை, மாமா சொன்னபடி மங்கல்தான். ஆனால் கெட்ட செய்தியை அச்சுக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

அப்புறம் நடந்தது கைவேலை. அசல் ஃபைலிலிருந்து புடவையை மட்டும் தேர்ந்து செறிவை 12 புள்ளி இறக்கினேன். பச்சைச் சேனல் 0-இலிருந்து எழுந்தது, மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பேப்பரில் வராத நிறங்களை வருகிற நிறங்களாக மாற்ற ஃபோட்டோஷாப்பில் சில முறைகள் உண்டு. ரெலடிவ் கலரிமெட்ரிக் முறையில் பேப்பரின் எல்லைக்கு வெளியே இருக்கும் நிறங்கள் எல்லாம் ஒரே விளிம்பில் போய்க் குவிகின்றன. இன்னொரு முறையான பெர்செப்சுவல் போட்டபோது புடவைக்குள் இருந்த ஏற்ற இறக்கம் பிழைத்தது, ஆனால் முகம் ஒரு துளி வெளுத்தது. பெர்செப்சுவலே என்று வைத்துக்கொண்டு முகத்தைத் தனியாகச் சரிசெய்தேன். மாமாவின் யோசனை ஒன்றும் நன்றாகப் பலித்தது. புடவையை ஏற்ற முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பதை இறக்கு என்றார். பின்னால் இருந்த காவடி ஓலையின் பச்சையைக் கொஞ்சம் அடக்கினோம், புடவை தானாக முன்னால் வந்து நின்றது. இருட்டறைக் காலத்து மூளை.

திரும்பக் கொடுத்தது

ஆல்பம் முழுவதையும் திருத்த நான்கு நாள் ஆயிற்று. நைட் லைட் அணைந்தே இருக்கிறதா என்று தினமும் காலையில் மாமா பார்க்கிறார், பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கருவியை மறுபடி வாங்கி அளந்தபோது பிரகாசம் 100-இலிருந்து 96 ஆகியிருந்தது, வெள்ளைப் புள்ளி அசையவில்லை.

அந்த அம்மா வந்தார். புதுப் பக்கத்தை வாங்கி, கடைக்குள் பார்க்காமல் நேராக வெளியே வெயிலுக்குப் போனார். புடவையை அதன் மேலேயே விரித்துப் பார்த்தார். "கட்டினப்ப இன்னும் கொஞ்சம் மின்னுச்சு" என்றார். மாமா புற ஊதா விளக்கை எடுத்துவந்து அவரை உள்ளே அழைத்து, புடவை எரிவதையும் படம் எரியாமல் இருப்பதையும் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, புடவைக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்றார். பேத்தி பால் சொம்போடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி ஒன்று கேட்டார். சொம்பை இங்கே 'சாம்போ' என்பார்கள்.

பெரிய படத்தைத் திரையில் பார்க்க மாடிக்கு வந்தவர், நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய சாம்பல் துணியைப் பார்த்து நின்றுவிட்டார். வீட்டில் ஏதாவது துக்கமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இல்லக்கா, மருமகப்பிள்ளை வேலை" என்றார். இப்போது துணியைக் கம்பியில் வளையம் போட்டு மாட்டியிருக்கிறோம். எடிட்டிங் நேரத்தில் இழுத்து மூடுவது, விருந்தாளி வந்தால் ஒதுக்கிவிடுவது. கிளிப்பச்சை அப்படியே இருக்கிறது.